கறுப்புத் துணி போர்த்திய டிரம்

அன்று மேசையில் இருந்தவர்கள்.

தனபால். பியூகிள். கார்ப்ரலாக ஓய்வு பெற்றவன். பிரிக்பீல்ட்ஸ்காரன். வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தான்.

ஒஸ்மான். யூஃபோனியம், பெரிய ஊதுகருவி. மலாய்க்காரர், தமிழ் நன்றாகப் புரியும். சுங்கை பூலோவிலிருந்து மகள் காரில் கொண்டுவந்து விட்டாள்.

கவிதா. இன்றைய படை பேண்டில் லான்ஸ் கார்ப்ரல். எங்கள் காலத்தில் பெண்கள் இல்லை. இப்போது பியூகிள் ஊதுவது அவள்தான்.

நான். மாரியப்பன். சைடு டிரம். சார்ஜனாக ஓய்வு பெற்றவன். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தேன்.

வாழையிலைச் சாப்பாடு. கூப்பிட்டது கவிதா. பேண்டுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம்.

“பழைய ஆளுங்க ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கணும் அங்கிள். தமிழ்லயே எழுதுங்க. நான் மலாய்ல மாத்திக்கிறேன்.”

“எனக்கு எழுத வராது” என்றேன்.

“நாப்பது பேருக்கு நடுவுல தட்டத் தெரிஞ்சுச்சு, ரெண்டு பக்கம் எழுத வராதா? எழுதுலா” என்றான் தனபால்.

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். அப்போதும் அப்படித்தான்.

பிறகு கவிதா ஒன்று கேட்டாள். “எங்க பைல்ல ஒரு ரூல் இருக்கு. இறுதி மரியாதைக்குப் போனா, பியூகிள் ஊதுறவங்க பேண்டை விட்டு இருபது தப்படி தள்ளி நிக்கணும்னு. வேற பேண்டுல கேட்டேன், அப்படி ஒண்ணும் இல்லங்கிறாங்க. நமக்கு மட்டும் ஏன் அங்கிள்?”

“அப்ப பேண்டு மாஸ்டரா இருந்த துவான் காமில் வெச்சது” என்றார் ஒஸ்மான். “தனியா நின்னு ஊதினா பாக்க நல்லா இருக்கும். அதான்.”

தனபால் ரசத்தை இலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் குடித்தேன்.

மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பேண்டின் வரலாறு, செய்யும் கடமைகள், எல்லாம் அதில் வரும். இருபது தப்படி ஏன் என்பது அதில் வராது. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தெலுக் பங்லிமா காராங் பக்கம், எஸ்டேட்டில். படிப்பு மூன்றாம் படிவம் வரை. படையில் சேர்ந்தது சோற்றுக்கு. பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். வெயிலில் துப்பாக்கி தூக்குவதை விட அது மேல் என்று கை தூக்கினேன். அங்கேயும் வெயில்தான் என்று பிறகு தெரிந்தது.

அந்த வருஷம் பேண்டுக்கு எடுத்ததில் தமிழர் இரண்டு பேர். நானும் தனபாலும். அவன் அப்பாவுக்கு ரயில்வே வேலை, குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸில். ஐந்தாம் படிவம் முடித்தவன். பள்ளிக்கூட பேண்டிலேயே ஊதிப் பழகியிருந்தான். எனக்குக் கோயில் உறுமியைத் தவிர ஒன்றும் தெரியாது.

பயிற்சி எட்டு மாதம். அதில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. முதல் வாரத்தில் எல்லோருக்கும் பியூகிளைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ராத்திரி தலையணையில் வாயை அழுத்தி ஊதிப் பழகினேன். வெறும் உதட்டில். மூன்றாம் நாள் சத்தம் வந்தது. நான்காம் நாள் நல்ல சத்தம். ஐந்தாம் நாள் தனபால் எனக்கு அடுத்து நின்று ஊதினான்.

துவான் காமில் என்னிடமிருந்து பியூகிளை வாங்கிக்கொண்டார். இரண்டு குச்சிகளைக் கையில் கொடுத்தார்.

“உன் கை நல்ல கை” என்றார் மலாயில். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

துவான் என்றால் ஐயா; பேண்டு மாஸ்டர் காமிலை அப்படித்தான் கூப்பிடுவோம். கத்தவே மாட்டார். சட்டைப் பையில் சுருதிக் கவை ஒன்று இருக்கும், இரண்டு பல் வைத்த சின்ன இரும்பு. அதைக் கடிகாரத்தில் தட்டிக் காதோரம் வைத்துக்கொண்டு நமக்குப் பின்னால் வந்து நிற்பார். முன்னால் நிற்கவே மாட்டார். “லாகி” என்பார். திரும்ப வாசி என்று அர்த்தம். நல்லா இருந்தாலும் “லாகி”, கெட்டுப்போனாலும் “லாகி”. எது எதற்கு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். தப்பு செய்தவனை யார் முன்னாலும் திட்டியதில்லை. சாயங்காலம் அவன் பூட்ஸைப் பார்ப்பார். “பாலிஷ் பத்தாது” என்பார். அதுதான் தண்டனை. அதற்கு நாங்கள் பயந்தோம்.

அவர் ஒருநாள் செய்து காட்டியதை எழுத வேண்டும். சைடு டிரம்மின் அடித்தோலில் கம்பிச் சரம் ஒன்று ஓடும். அந்தக் கம்பி தோலில் உரசுவதால்தான் டிரம்முக்கு அந்தச் சளசள சத்தம். பக்கத்தில் ஒரு லீவர். அதைத் தட்டிவிட்டால் கம்பி விலகி, டிரம் வெறும் பானை மாதிரி தும் தும் என்று கேட்கும். சாவுக்குப் போகும்போது கம்பி விலகித்தான் இருக்க வேண்டும்.

துவான் கம்பியைத் தோலில் படும்படி ஏற்றி டிரம்மை மேசை மேல் வைத்தார். தனபாலை அதன் எதிரில் நிறுத்தி ஊதச் சொன்னார். டிரம்மை யாரும் தொடவில்லை. அது தானாக முனகியது. குளவிக்கூடு மாதிரி. பியூகிள் நின்றால் அதுவும் நின்றது. ஊதினால் மறுபடியும்.

“காற்று போய்க் கம்பியை ஆட்டுகிறது. ஊதுகிறவன் காதில் இது விழுந்தால் தன் உதடுதான் கெட்டுவிட்டது என்று நினைப்பான். பயம் வரும். பயம் வந்தால் மேல் சுரம் உடையும்” என்றார். லீவரைத் தட்டினார். முனகல் நின்றது. “லாகி.”

எல்லோரும் டிரம்மைப் பார்த்தார்கள். நான் தனபாலைப் பார்த்தேன்.

பிறகு இருபத்திரண்டு வருஷம் வேலை. பேண்டு என்றால் அணிவகுப்பு என்று வெளியில் நினைக்கிறார்கள். அதிகாரிகள் விருந்து சாப்பிடும்போது திரைக்குப் பின்னால் மெதுவாக வாசிப்போம். அவர்கள் சாப்பிட்டு முடித்துப் போன பிறகு எங்களுக்கு ஆறிப்போன சோறு. வெளிநாட்டுத் தலைவர் வந்தால் அவர் நாட்டுப் பாட்டை ஒரு வாரத்தில் பழகுவோம், அவர் விமானம் ஏறிப் போனதும் மறந்துவிடுவோம். கொடி மரியாதை, பட்டாளத்துப் பிறந்தநாள், பள்ளிக்கூடத் திடல். வெள்ளைக்காரன் விட்டுப்போன முறைதான் எல்லாம். சட்டை மட்டும் மாறியது. இடுப்பில் சம்பின் துணி, தலையில் சொங்கோக் தொப்பி. வெயிலில் மயக்கம் வந்தால் முன்பக்கம் விழக்கூடாது, டிரம் உடையும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து விழ வேண்டும். அதற்கும் பயிற்சி உண்டு.

எல்லாவற்றிலும் பெரியது இறுதி மரியாதை. அதற்குச் சின்னக் குழுதான் போகும். எட்டு பேர். பெரிய டிரம் ஒன்று, சைடு டிரம் ஒன்று. இரண்டுக்கும் கறுப்புத் துணி போர்த்த வேண்டும். சைடு டிரம் துணி முழங்கால் வரை தொங்கும். காலை மெதுவாக எடுத்து வைத்து நடக்க வேண்டும். குழிக்குப் பக்கத்தில் போய் நிற்போம். மூன்று முறை வேட்டு. அதற்குப் பிறகு பியூகிள்காரன் இரண்டடி முன்னால் வந்து கடைசி அழைப்பை ஊதுவான். அப்போது மற்றவர்கள் அசையக்கூடாது.

அந்த ஒன்றரை நிமிஷம்தான் மக்கள் பார்ப்பது. மீதி ஏழு பேர் யார் கண்ணிலும் இல்லை.

தனபால் ஊதினால் அழாதவன் இல்லை. எனக்கே தெரியும். நானும் கண்ணைத் துடைக்க முடியாமல் நின்றிருக்கிறேன். அதற்காகவும் அவனைப் பிடிக்காது.

படத்தோடு பேப்பரில் வந்தான். அவன் பின்னால் ஒரு டிரம்மில் பாதி தெரியும். அந்தப் பாதி நான். என் மனைவி ராணி அதை வெட்டி அலமாரியில் வைத்தாள். வந்தவர்களுக்குக் காட்டுவாள். “இது இவங்களோட ஃபிரண்டு” என்று அவனைத்தான் காட்டுவாள். கிள்ளான் பாசாரில் ஒரு மீன்காரி அவளிடம், “உங்க வீட்டுக்காரரும் பேண்டாமே. அந்த ஊதுறவரா?” என்று கேட்டாளாம். ராணி என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“நீ என்ன சொன்ன?”

“இல்ல, கூட நிக்கிறவருன்னேன். வேற என்ன சொல்ல?”

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

தனபாலுக்கும் தெரியாது. அவன் என்னை நண்பன் என்றுதான் நினைத்தான். ராணிக்கு உடம்பு முடியாதபோது என் டியூட்டியை மாற்றிக் கொடுக்கச் சொல்லி அவன்தான் துவானிடம் போய்க் கேட்டான். என்னிடம் சொல்லாமலே. நான் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அவன் கேட்டதும் கிடைத்தது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த ஒரு சாவு.

ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர். தமிழர். கிள்ளான் பக்கம் அடக்கம். காலை பத்து மணி. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு செய்தி வந்திருந்தது. வெளிநாட்டில் பல நாட்டுப் படை பேண்டுகள் கூடும் விழா. எங்களிலிருந்து நான்கு பேர். டிரம் தேவையில்லை, அங்கேயே இருக்கிறது. தனபால் பெயர் முதலில்.

லோரியில் போகும்போது அவன் என்னிடம், “உனக்கு என்னடா வாங்கிட்டு வரட்டும்? குளிருக்கு ஒரு கோட்டு?” என்றான்.

“கிள்ளான்ல எவன்டா கோட்டு போடுவான்?”

“ஏர்கோன்ல போட்டுக்கிட்டு படுலா.” சிரித்தான்.

இடுகாட்டில் மேஜரின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்ன உடம்பு. கையில் புருஷனின் தொப்பி. அழவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். துவான், மேஜரின் குடும்பம் இருந்த இடத்தில், குழிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். எனக்கு இடது பக்கம் பெரிய டிரம் அடித்தவர். வேட்டுக்குப் பயந்து எப்போதும் காதில் பஞ்சு வைத்திருப்பார்.

மூன்று வேட்டு. காக்கைகள் கிளம்பின. எல்லோர் காதும் அடைத்திருந்தது.

தனபால் முன்னால் வந்தான். எனக்கு நேர் முன்னால். அவன் பிடரியில் வேர்வை ஓடுவது தெரிந்தது.

என் இடது கை துணிக்கு அடியில் இருந்தது. அது லீவருக்குப் போனது. கம்பியை ஏற்றினேன்.

கை நழுவியது, இடித்தது, மறந்தது என்று எதுவும் இல்லை. ஏற்றினேன்.

முதல் சுரத்திலேயே டிரம் முனகியது. என் வயிற்றில் அது தெரிந்தது. தனபால் தலை அசையவில்லை. காது மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டது, நாய்க்கு இழுக்கிற மாதிரி. இரண்டாம் வரியில் மூச்சைச் சீக்கிரம் எடுத்தான். அவன் அப்படி எடுத்து நான் பார்த்ததில்லை. பிறகு மேலே ஏறும் இடம். ஏறினான். நின்றிருக்க வேண்டிய சுரம் உடைந்தது. கீச் என்று ஒரு சத்தம். பிறகு வெறும் காற்று. பிறகு மறுபடியும் பிடித்து முடித்தான்.

மேஜரின் மனைவி தொப்பியை மடியில் வைத்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கே வேறு சத்தம் இல்லை.

“அவருக்கு இது கூட சரியா அமையலையே.”

அவனைக் கெடுக்க நினைத்தேன். அந்த அம்மாவை நான் நினைக்கவே இல்லை. உண்மையாக நினைக்கவில்லை.

கலைந்த பிறகு டிரம்மை லோரியில் வைத்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனேன். முகம் கழுவினேன். திரும்ப லோரியில் ஏறும்போதுதான் உறைத்தது. கம்பியை இறக்கவில்லை. துணிக்குள் அப்படியே இருக்கிறது. தனபால் எதிரில் பியூகிளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். எல்லோர் முன்னாலும் துணிக்குள் கை விட முடியாது. விடவில்லை.

முகாமில் இறங்கியதும் துவான் நேராக என் டிரம்மிடம் வந்தார். துணியைத் தூக்கினார். குனிந்து லீவரைப் பார்த்தார்.

கம்பி இறங்கியிருந்தது.

நான்தான் எப்போதோ தட்டியிருக்கிறேன், பயத்தில் நினைவில்லை என்று முடிவு செய்தேன். பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். துவான் துணியைக் கீழே விட்டார். என்னைப் பார்த்தார். என் பூட்ஸைப் பார்த்தார். பாலிஷ் பத்தாது என்று சொல்லவில்லை.

தனபால் பெயரை வெளிநாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தனி ஊதலிலிருந்தும் எடுத்தார்கள். கார்னெட் ஊதுகிறவர்கள் வரிசையில் பின்னால் உட்கார வைத்தார்கள். அவனுக்கு வர வேண்டிய சார்ஜன் பட்டை வரவில்லை. எனக்கு வந்தது. அடுத்த மாதம் துவான் திடலில் தப்படி அளந்து, பியூகிள்காரன் இருபது தள்ளி நிற்க வேண்டும் என்றார். காரணம் சொல்லவில்லை. சாகும் வரை யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை.

தனபால் விழுந்தால் என் பொறாமை தீரும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்தும் அவன் சிரித்தான். பட்டை வந்த அன்று எனக்கு முதலில் கை கொடுத்தது அவன்தான். “வாங்க சார்ஜன்” என்று எல்லோர் முன்னாலும் சல்யூட் அடித்தான். அன்றும் மக்கள் அவனைத்தான் பார்த்தார்கள்.

இனி சாப்பாட்டு மேசை.

கவிதாவுக்கு டியூட்டி இருந்தது, கிளம்பினாள். ஒஸ்மானை மகள் வந்து கூட்டிப்போனாள். நானும் தனபாலும் மிச்சம். டீ சொன்னோம்.

“அந்தப் புள்ள கேட்டுச்சே, இருபது தப்படி” என்றான் தனபால். “நீ ஏன் வாயத் தொறக்கல?”

“நீயும்தான் தொறக்கல.”

“நான் எப்படிலா தொறப்பேன்? அது உன்னைத்தானே மாட்டி விட்டுரும்.”

எனக்குப் புரியவில்லை. அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். சாதாரணமாகச் சொன்னான்.

“அன்னைக்கு நீ குழாய்க்குப் போயிட்டே. டிரைவர் லோரிய ஸ்டார்ட் பண்ணான். இன்ஜின் ஆட்டத்துல உன் டிரம் ஙொய்னு கத்துது. அப்பதான் எனக்கு வெளங்கிச்சு, ஒதடு இல்ல, கம்பின்னு. பழைய லீவர்தானே, முட்டில இடிச்சு ஏறியிருக்கும்னு நெனச்சேன். மத்தவங்க ஏறுறதுக்குள்ள துணிக்குள்ள கைய விட்டு எறக்கி வெச்சேன். துவான் எறங்கினதும் நேரா அதத்தான் பாப்பாருன்னு தெரியும்.”

“நீயா எறக்குன?”

“வேற யாரு? ராணிக்கு அப்ப ஏழு மாசம். ஒன்ன சார்ஜ் பண்ணி சம்பளத்த நிறுத்தினா எங்கடா போவ? எனக்குக் கல்யாணமே ஆகல. ஒதடு போச்சுன்னா போச்சு. ஒதட்டுக்கு எவனும் சார்ஜ் பண்ண மாட்டான்.”

நன்றி வரவில்லை. வர வேண்டும் என்று தெரியும். வரவில்லை. எனக்குள் வந்தது பழைய எரிச்சல்தான். இதிலும் இவனா. நான் இருபது வருஷத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்ததற்கும் அடியில் இவன் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறான். அதுவும் என்னுடையதை விட நல்லது. அவன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எனக்கு ஒரு கோட்டு வாங்கி வந்தவன் மாதிரி.

அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று எழுதினால் பொய்.

“முட்டில இடிக்கல தனபாலு. நான்தான் ஏத்துனேன்.”

“என்னது?”

“வேணும்னுதான் ஏத்துனேன். நீ முன்னால வந்து நின்னதும்.”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். வெளியே மோனோரயில் போனது. கடைப்பையன் பக்கத்து மேசை இலைகளை வழித்து வாளியில் போட்டான்.

“ஏன்டா?”

“பொறாமை.”

“என் மேலயா?” உண்மையாகவே கேட்டான். “உனக்கென்னடா கொறச்சல்? குடும்பம் இருந்துச்சு. பட்டை வந்துச்சு. நான் அந்த வருஷமெல்லாம் உன்னைப் பாத்துப் பொருமிக்கிட்டு கெடந்தேன், வீட்டுக்குப் போனா சோறு போட ஒருத்தி இருக்காளேன்னு.”

அவன் கொஞ்ச நேரம் தன் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தான். ஊதுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பிறகு கை நின்றது. முகம் மாறியது. எதையோ திரும்பக் கேட்கிற முகம்.

“மாரி. அந்த மேஜர் சாவுக்கு முன்னாலயே எனக்கு அந்த எரைச்சல் கேட்டிருக்கு. சாவுக்கு ஊதும்போது மட்டும் கேக்கும். பிராக்டிஸ்ல கேக்காது. வேட்டுச் சத்தத்துல காது போச்சுன்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது பாத்தான், பல்லு பாத்தான். ஒண்ணும் இல்லன்னான். ஒண்ணும் இல்லாம எப்படி கேக்கும்? புத்திதான் கொழம்பிருச்சுன்னு நெனச்சேன். அந்த பயத்துலதான்டா அன்னைக்கு ஒடைஞ்சுச்சு.”

நான் மேசையைப் பார்த்தேன்.

“என்னைப் பாத்து சொல்லு. எல்லாம் சேத்து எத்தன தடவ?”

சொன்னேன்.

“ஏழு.”